குளிர்ந்த கைக்கு எல்லாமே காய்ச்சல்தான்

அன்பு மகன்,

அஸ்ஸலாமு அலைக்கும். நல்ல செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவாய். நேற்றுக் காலை மருத்துவ மாது வீட்டுக்கு வந்து உன் மகளைத் தராசில் தொங்கவிட்டு நிறுத்துப் பார்த்தார். அந்தத் துணித் தொட்டிலுக்குள் கிடந்து அவள் போட்ட கூச்சலில் தெருவால் போன மீன்காரர் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தார். நிறை ஏறியிருக்கிறது. கன்னம் வைத்திருக்கிறது. பாதம் இரண்டும் இளஞ்சூடாக இருக்கின்றன. "இனிச் சும்மா சும்மா சூடு பார்க்கத் தேவல்ல சேர். மத்தப் புள்ளையளப் போல இவளும் வளரட்டும்" என்று சொல்லி, உன் மாமி ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். அல்ஹம்துலில்லாஹ். வெப்பமானியை அதன் பெட்டிக்குள் வைத்து அலுமாரியின் மேல்தட்டில் போட்டுவிட்டு நான் கதிரையில் சாய்ந்தேன். இத்தனை நாளும் முதுகு சாயாமலே இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

சாய்ந்து ஒரு நிமிடம் ஆகவில்லை, பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்த ஸஹ்லாவின் ஃபோன் சத்தம் போட்டது. உன் செய்திதான். "எத்தனை?" என்று ஒரே ஒரு சொல். காலையில் ஒன்று, பகல் ஒன்று, பின்னேரம் ஒன்று என்று நீ அனுப்பும் அதே சொல். அவள் அலுமாரியைத் திறந்து வெப்பமானியை மறுபடி எடுத்தாள். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபம் கொஞ்சம் கூட. அதனால்தான் இந்தக் கடிதம். குரல் செய்தி அனுப்பலாம்தான், ஆனால் நீ என் குரலை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறவன் என்று உன் உம்மா சொல்லிவிட்டாள். மருதமுனைப் பிள்ளை ஒருவன் இந்தக் கிழமை கட்டாருக்கு வருகிறான். அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். எழுத்தை இரட்டை வேகத்தில் ஓடவிட முடியாது.

உன்னைக் குறை சொல்வதற்கு முன் உன் வேலையை நான் புரிந்துகொள்கிறேன். பெரிய கட்டடங்களின் குளிரூட்டிகளைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பது உன் தொழில். ஒவ்வோர் அறைக்கும் ஓர் இலக்கம். இலக்கம் சரியென்றால் அறை சரி, தவறென்றால் மணி அடிக்கும். நாள் முழுக்க அதைப் பார்க்கிறவனுக்கு, கடல் தாண்டிக் கிடக்கும் மகளையும் ஓர் இலக்கமாகப் பார்த்தால்தான் மனம் ஆறும். அதோடு, அந்த விடியற்காலையில் நடந்ததில் பாதியைத்தான் நான் உனக்குச் சொன்னேன். மீதி தெரியாததால் உன் பயம் இன்னும் தீரவில்லை. பிள்ளை தேறிவிட்டாள், நம் எல்லோருக்கும் மூச்சு வந்துவிட்டது. இப்போது முழுவதையும் சொல்லலாம்.

நம் பக்கத்து வழக்கப்படி நீ கல்யாணம் முடித்து ஸஹ்லாவின் வீட்டுக்குப் போனவன். ஆகவே என் பேத்தியைப் பார்க்க நான்தான் இரண்டு தெரு தாண்டிப் போக வேண்டும். அவள் நிறை குறைவாகப் பிறந்து, ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து அனுப்பிய பிள்ளை என்பதால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. விடியலில் பள்ளிவாசல் ஹவுழ்த் தொட்டியில் கைகால் கழுவி வுழூ செய்து, சுபஹ் தொழுதுவிட்டு நேரே அங்கே போவேன். தலையில் கை வைத்து ஓதி ஊதுவேன். பிறகுதான் எனக்கு அன்றைய நாள் தொடங்கும். மாமி கதவைத் திறக்கும்போதே "சேர் வந்திட்டார், புள்ளைட தொப்பியக் கழட்டுங்க" என்பார். முப்பது வருடம் வெப்பவியல் படிப்பித்தவன் என்ற மரியாதையில், பிள்ளைக்குச் சூடா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் வேலையையும் அந்த வீட்டில் எனக்கே தந்திருந்தார்கள். அதை நானும் மிகவும் விரும்பித்தான் செய்துகொண்டிருந்தேன்.

ஏழாம் நாள் முடி இறக்கினோம். உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும், நீயும் வீடியோவில் இருந்தாய். வெளியே மாரி மழை. தலையை வழித்து, இளஞ்சுடுநீரில் குளிப்பாட்டி, புதுச்சட்டை போட்டுக் கொண்டுவந்தார்கள். ஃபோனைப் பிள்ளையின் தலைக்குக் கிட்டப் பிடிக்கச் சொல்லி, "எங்கட வாப்பாட தலை மாதிரியே இரிக்கி" என்று நீ சிரித்தாய். நாங்களும் சிரித்தோம். எனக்கு மட்டும் கொஞ்சம் ரோசம் வந்தது. பிள்ளை சின்னவள், மழை நாள், முடி போன தலை, ஈரம் என்று யாருமே ஒன்றோடொன்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை. சந்தோசமான வீட்டில் யார்தான் கணக்குப் பார்ப்பார்கள்? பிறகு மௌலவியிடம் கேட்டபோது, பிள்ளை பெலவீனமென்றால் அடுத்த கிழமையோ அதற்கடுத்ததோ செய்திருக்கலாமே, மார்க்கம் யாரையும் நெருக்கவில்லையே என்றார். கேட்காமல் விட்டது நாங்கள்.

மறுநாள் விடியற்காலை வழக்கம்போல் போனேன். வழியெல்லாம் கடல் காற்று. ஸஹ்லா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், முகம் வெளிறிப் போயிருந்தது. "மாமா, ராவு முழுக்கப் புள்ள பால் குடிக்கல்ல. அழவுமில்ல. சும்மா கிடக்கிறா" என்றாள். நான் தொப்பியை விலக்கி, வழித்த தலையில் கையை வைத்தேன். சூடு உள்ளங்கையில் ஏறியது. ஓதி ஊதிவிட்டு, தீர்ப்பையும் சொன்னேன். "காய்ச்சல் காயுது. போர்வையக் கழட்டுங்க, காத்துப் படட்டும்." மாமி உடனே, "நான் துணிய நனைச்சிட்டு வாறன், நெத்தியில போடுவம்" என்று குசினிக்குப் போனார். ஸஹ்லா போர்வையைத் தளர்த்தினாள். அந்த நேரம்தான் இரவு வேலையின் இடைவெளியில் நீ ஃபோன் எடுத்தாய்.

அதற்குப் பிறகு நடந்த பேச்சு உனக்கும் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு குளிர்கிறது. "மெஷினாலயா பார்த்தீங்க?" என்று கேட்டாய். "என்ட கைக்குத் தெரியாதா மகன்? நெருப்பாக் கிடக்கு" என்றேன். பிறகு, "வாப்பா, பள்ளியால நேரா வாறீங்களா? வுழூ செஞ்ச கையாலயா தொட்டீங்க?" என்றாய். ஓம் என்றேன். "அந்தக் கைய நம்பாதீங்க வாப்பா. எனக்குப் பள்ளிக்கூடக் காலம் முழுக்கக் காய்ச்சல் காட்டின கை அது" என்றாய். மாமி நனைத்த துணியோடு வாசலில் நின்றார். நான் கையை நீட்டி அவரை அப்படியே நிறுத்தினேன்.

உனக்கு ஞாபகம் இருப்பது எனக்குத் தெரியாமல் போனதுதான் வேடிக்கை. நீ சின்னவனாக இருந்தபோது கிழமைக்கு ஒரு காய்ச்சல் வரும், அதுவும் கணிதப் பரீட்சை நாளில் தவறாமல் வரும். நான் ஹவுழில் வுழூ செய்து, தொழுது, காற்றுக்குள்ளால் நடந்து வந்து உன் நெற்றியைத் தொட்டுவிட்டு, "இண்டைக்கு இவன் போக வேணாம்" என்பேன். உன் உம்மா அடுப்படியில் ரொட்டி சுட்ட கையோடு வந்து தொட்டுவிட்டு, "ஒண்டும் இல்ல, ஒழும்பச் சொல்லுங்க" என்பாள். இருவருக்கும் சண்டை வரும். "நீ விஞ்ஞானம் படிச்சயா, நான் படிச்சனா?" என்று நான் அவள் வாயை அடைப்பேன். நீ போர்வைக்குள் கிடந்து கேட்டுக்கொண்டிருப்பாய். நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்த பிறகு தொட்டால் உன் காய்ச்சல் போய்விடும் என்பதை நீ எப்போதோ கண்டுபிடித்துவிட்டாய். அதனால் தேத்தண்ணிக்கு முன்பே முனகத் தொடங்குவாய். கள்ளன். என் வகுப்பில் இருந்த எந்தப் பிள்ளையும் செய்யாத பரிசோதனையை நீ வீட்டில் படுத்தபடியே செய்து முடித்திருக்கிறாய்.

அந்தப் பரிசோதனையை நான் ஆண்டுதோறும் வகுப்பில் செய்து காட்டியவன் என்பதுதான் இன்னும் பெரிய வேடிக்கை. மூன்று பாத்திரம் வைப்பேன். ஒன்றில் பொறுக்கக்கூடிய சுடுநீர், ஒன்றில் ஐஸ் போட்ட நீர், நடுவில் சாதாரண நீர். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, ஒரு கையைச் சுடுநீரிலும் மற்றக் கையைக் குளிர்நீரிலும் வைத்திருக்கச் சொல்லி, பிறகு இரண்டையும் நடுப் பாத்திரத்தில் போடச் சொல்வேன். சுடுநீரில் இருந்த கை "இது குளிர்" என்னும். ஐஸில் இருந்த கை "இது சூடு" என்னும். பாத்திரம் ஒன்று, நீர் ஒன்று, தீர்ப்பு இரண்டு. கை வெப்பநிலையை அளப்பதில்லை, தனக்குள் வெப்பம் வருகிறதா தன்னிடமிருந்து போகிறதா என்பதையும் எவ்வளவு வேகமாக என்பதையும்தான் உணர்கிறது என்று கரும்பலகையில் எழுதுவேன். விடியற்காலையில் மாபிள் தரை சில்லென்று காலைச் சுண்டும், பக்கத்தில் விரித்த பன் பாய் சுண்டாது. இரண்டும் ஒரே அறையில் ஒரே வெப்பநிலையில்தான் கிடக்கின்றன, மாபிள் நம் காலின் வெப்பத்தைக் கெதியாக இழுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். இதையெல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து ஹவுழ் தண்ணீர்க் கையால் உன் நெற்றியைத் தொட்டுத் தீர்ப்புச் சொன்னேன். நம் வீட்டில் உம்மாவின் கை சுடுநீர்ப் பாத்திரம், என் கை ஐஸ் பாத்திரம், நடுவில் நீ.

வெப்பநிலை என்றால் என்ன என்று நீ படித்திருப்பாய், ஆனாலும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், படிப்பித்த வாய் சும்மா இருக்காது. எந்தப் பொருளை எடுத்தாலும் அதற்குள் இருக்கும் துணிக்கைகள் ஓயாமல் ஆடுகின்றன. ஒவ்வொரு துணிக்கையும் சராசரியாக எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்பதைத்தான் வெப்பநிலை சொல்கிறது. வெப்பம் என்பது வேறு. அது ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் சக்தி. சூடான பொருள் குளிர்ந்த பொருளைத் தொட்டால் வெப்பம் சூட்டிலிருந்து குளிருக்கு நகரும், இரண்டும் ஒரே நிலைக்கு வரும்வரை நகரும். வெப்பமானியின் வித்தை முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது. உண்மையில் வெப்பமானி பிள்ளையின் வெப்பநிலையைச் சொல்வதில்லை, தன்னுடைய வெப்பநிலையைத்தான் சொல்கிறது. பிள்ளையின் கக்கத்தில் வைத்துப் பொறுத்திருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும், அப்போது அது சொல்வதை நாம் பிள்ளையுடையது என்று எடுத்துக்கொள்கிறோம். பொறுக்காமல் எடுத்தால் அது பாதி வழியில் நிற்கும். பழைய கண்ணாடி வெப்பமானிக்குள் பாதரசம் சூட்டில் விரிந்து குழாயில் ஏறும். இப்போதைய கருவிக்குள் ஒரு சின்ன உறுப்பு சூட்டுக்குத் தக்கபடி மின்னோட்டத்தைத் தடுக்கும் அளவை மாற்றும். உபாயம் வேறுதான், பொறுமை ஒன்றுதான். கொரோனாக் காலத்தில் சந்தை வாசலில் ஒரு பொடியன் துப்பாக்கி மாதிரி ஒன்றை மணிக்கட்டுக்கு நேரே பிடிப்பானே, அது தொடாமல் தோலிலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத கதிரை அளப்பது. மழையில் நனைந்து வந்த எனக்கு அது முப்பத்திரண்டு காட்டியது. "சரி போங்க காக்கா" என்று உள்ளே விட்டான். அந்தக் கணக்குப்படி நான் மூச்சில்லாத மையித்தாகத்தான் மரக்கறி வாங்கினேன்.

சரி, கதைக்கு வருகிறேன். உன்னோடு கதைத்து ஃபோனை வைத்ததும் கொரோனாக் காலத்து வெப்பமானியைத் தேடி எடுத்தோம். பிள்ளையின் கக்கத்தில் வைத்து, சத்தம் வரும்வரை பொறுத்து எடுத்தேன். முப்பத்தைந்து தசம் ஒன்று. முப்பத்தாறரைக்குக் கீழே போகக்கூடாத பிள்ளை. முதலில் எனக்கு வந்த எண்ணத்தைச் சொன்னால் நீ சிரிப்பாய். கருவி பழுது என்று நினைத்தேன். இந்தப் புத்தி எனக்குப் பழையது. ஒருமுறை பாடசாலை ஆய்வுகூட வெப்பமானிகளைச் சரிபார்க்க மீன் சந்தையிலிருந்து ஐஸ் வாங்கிக்கொண்டு போனேன். உருகும் ஐஸில் வைத்தால் பூச்சியம், கொதிக்கும் நீரில் வைத்தால் நூறு, இடையில் நூறு பங்கு, அதுதானே செல்சியஸ் அளவு. எல்லா வெப்பமானியும் பூச்சியத்துக்குக் கீழே காட்டின. பெட்டியோடு திருப்பி அனுப்பப் புறப்பட்டேன். கடைசி வரிசை வாங்கில் இருந்த பிள்ளை ஒன்று, "சேர், அந்த ஐஸ் கடல் தண்ணியில கிடந்த ஐஸ், உப்பு" என்றாள். உப்புச் சேர்ந்தால் ஐஸ் பூச்சியத்துக்குக் கீழேதான் உருகும். வகுப்பு முழுக்க மீன் வாடை, எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அதனால் இம்முறை கருவியைத் திட்டுவதற்கு முன் அதை என் கக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முப்பத்தாறு தசம் ஆறு காட்டியது. கருவி சரி. பிள்ளைதான் குளிர்ந்து போயிருந்தாள்.

எப்படி என்று பிறகு யோசித்தேன். என் கை அவளைவிடக் குளிர்ந்திருந்தது, ஆகவே குளிர்ந்த பிள்ளையும் எனக்குச் சூடாகத் தெரிந்தாள். அதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. உள்ளங்கையில் ஏறியது என்று எழுதினேனே, அந்தச் சூடு அவளுடையது. இருந்த கொஞ்சத்திலிருந்தும் நான் எடுத்துக்கொண்டேன். போர்வையைக் கழற்றச் சொன்னேன். நனைத்த துணியும் வந்து சேர்ந்திருந்தால், ஈரம் காயும்போது மிச்சத்தையும் கொண்டுபோயிருக்கும். சின்ன உடம்பில் சூடு நிற்காது மகன். தட்டில் ஊற்றிய தேத்தண்ணி சட்டென்று ஆறுவதைப் போலத்தான், உள்ளே இருப்பது கொஞ்சம், வெளியே காற்றுப் படும் பரப்பு அதிகம். பிறந்த பிள்ளைக்கு உடம்பின் பெரிய பங்கு தலைதான், அந்தத் தலையில் முடியும் இல்லை. இதை நான் உனக்குச் சொல்லவில்லை. "கொஞ்சம் குளிர் பிடிச்சிரிக்கி, டொக்டரிட்டக் காட்டுறம்" என்று மட்டும் சொன்னேன்.

அப்போது அந்த அறையில் ஒழுங்காக யோசித்தது ஒரே ஓர் ஆள். இலக்கத்தைக் கேட்டதும் ஸஹ்லா, "மாமா, நீங்க வெளிய போய் ஓட்டோவக் கூப்பிடுங்க" என்றாள். அதுவரை என் முகத்தைப் பார்த்துக் குரல் உயர்த்திப் பேசாத பிள்ளை அன்று எனக்குக் கட்டளையிட்டாள். ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பும்போது காட்டித் தந்தது அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. நான் ஓட்டோவோடு திரும்பி வந்தபோது பிள்ளையைச் சட்டையில்லாமல் தன் நெஞ்சோடு நெஞ்சாக வைத்து, தொப்பி போட்டு, அதற்கு மேல் தன் உடுப்பு, அதற்கு மேல் போர்வை, அதற்கு மேல் அபாயா என்று மூடிக்கொண்டு நின்றாள். பிள்ளையின் மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது. ஓட்டோவின் இரண்டு பக்கமும் ரப்பர் சீலையை இறக்கிவிட்டுப் போனோம். மாமி ஸலவாத்து ஓதிக்கொண்டு வந்தார். ஸஹ்லா ஒன்றும் ஓதவில்லை, அழவும் இல்லை. குனிந்து பிள்ளையின் மூக்கையே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு வாழ்நாளில் அவ்வளவு நீளமான வழி இருந்ததில்லை, அது எவ்வளவு கிட்ட என்பது உனக்குத் தெரியும்.

டொக்டர் சோதித்துவிட்டு, "தாயிட உடம்போட கொண்டு வந்தது நல்லதாப் போச்சு" என்றார். கிருமி ஏதும் உண்டா என்று இரத்தம் எடுத்தார்கள், பாலைக் குழாயால் கொடுத்தார்கள், சூடாக்கும் விளக்குக்குக் கீழே கொஞ்ச நேரம் வைத்தார்கள், பிறகு மறுபடி ஸஹ்லாவின் நெஞ்சிலேயே போட்டார்கள். "ஈரத் துணி ஏதும் போட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றோம். "நல்லம்" என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு நான் வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், மகன். ஒரு ஃபோன் அழைப்பு, ஒரு கேள்வி, அதற்குள் அல்லாஹ் அவளைக் காப்பாற்றி வைத்திருந்தான். நீ பரீட்சைக்குப் பயந்து செய்த களவுக்கெல்லாம் அன்றோடு மன்னிப்பு. உன் உம்மாவிடமும் சொல்லிவிட்டேன், அவள்தான் அந்தக் காலத்தில் சரியாகச் சொன்னாள் என்று. "இப்பதான் விளங்கிச்சா?" என்று மட்டும் கேட்டாள். அவளுடைய கையும் பிழையான கைதான், அடுப்படிக் கை, உண்மையாகவே உனக்குக் காய்ச்சல் வந்த நாளிலும் பள்ளிக்கூடம் அனுப்பியிருப்பாள். இருந்தாலும் அந்த நேரத்தில் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

பகலாகும்போது முப்பத்தாறைத் தாண்டினாள். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு முப்பத்தாறே முக்கால். தானே வாயைத் திறந்து பால் தேடினாள். வார்டே சிரித்தது. மாமிக்குச் சந்தோசம் தாங்கவில்லை, உனக்கு எடுத்து, முடி இறக்கிய தலையால் பிள்ளை குளிர்ந்து போன கதையைக் கொட்டிவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஸஹ்லாவின் ஃபோனில் உன் செய்தி வந்தது. அவளுக்கு இரண்டு கையும் பிள்ளையில் இருந்ததால் திரையை என்னைப் பிடிக்கச் சொன்னாள். அதனால்தான் நானும் வாசித்தேன், வேண்டுமென்று வாசிக்கவில்லை. "முடி வழிக்க இதுதானா நேரம்? ஒரு புள்ளயப் பார்க்கத் தெரியாதா உனக்கு?"

பயத்தில் எழுதினாய் என்று எனக்குத் தெரியும். பாதை தெரியாத இடத்தில் நின்றுகொண்டு பயந்தவன் கிட்ட இருப்பவர்களைத்தான் கடிப்பான், உன் வாப்பாவும் அந்த வகைதான். ஆனால் முடி இறக்கியபோது நீ சிரித்தாய், நான் சிரித்தேன், அவள் கத்தியைக்கூடத் தொடவில்லை. காய்ச்சல் என்று தீர்ப்புச் சொன்னது நான். துணியை நனைத்தது அவளுடைய உம்மா. இராமுழுக்கக் கண் முழித்திருந்து, "பால் குடிக்கல்ல, அழவுமில்ல" என்று சரியாகச் சொன்னது அவள் ஒருத்திதான். உன் மகளுக்குத் திரும்ப ஏறிய சூட்டில் பெரும்பங்கு அவளுடைய உடம்பிலிருந்து போனது. அந்த நேரம் அவள் என்ன பதில் எழுதுவாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். "மாமா, அவர் சொல்றது சரிதானே" என்றாள். பிறகு, "இப்ப எத்தனை எண்டு மட்டும் எழுதிவிடுங்க, பாவம், பயந்து போய் இரிப்பார்" என்றாள். நான் இலக்கத்தை எழுதி அனுப்பினேன்.

அன்றிலிருந்து அவள் உனக்கு இலக்கம்தான் அனுப்புகிறாள். நீ எத்தனை என்று கேட்கிறாய், அவள் முப்பத்தாறு தசம் எட்டு என்கிறாள், நீ சரி என்று ஒரு கட்டைவிரலை அனுப்புகிறாய். நீங்கள் இருவரும் கதைத்துக்கொள்வதாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். வெப்பமானியை நான் பெட்டியில் போட்டபோது என் முதுகு சாய்ந்தது என்று எழுதினேன். அவளுடையது இன்னும் சாயவில்லை. உன் செய்தியின் சத்தம் கேட்டால் திடுக்கிட்டு முதலில் பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிறாள். பிள்ளை நல்ல சூடாகக் கிடக்கும்போதும் தொட்டுப் பார்க்கிறாள். உனக்கு எழுதப்போகிறேன் என்று நேற்றுச் சொன்னேன். "எழுதுங்க மாமா, ஆனா அவர ஏச வேணாம்" என்றாள். நான் ஏசவில்லை என்று நினைக்கிறேன். கொஞ்சம் ஏசியிருந்தால் அது என் கணக்கு.

மகள் தேறிவிட்டாள். அவளைப் பற்றிய பயத்தை நீ இன்றோடு இறக்கி வைத்துவிடலாம், மருத்துவ மாது சொல்லிவிட்டார், நானும் சொல்கிறேன், இம்முறை கையால் பார்த்துச் சொல்லவில்லை. நீ செய்ய வேண்டியது ஒன்றுதான் மிச்சம். இதை வாசித்து முடித்ததும் செய்தி அனுப்பாதே, வேலை முடிந்த பின் ஆறுதலாக அவளுக்கு எடு. அவள் பழக்கத்தில் முதலில் இலக்கத்தைச் சொல்வாள். சொல்லட்டும். பிறகு, அன்று நீ எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, "நீ எப்பிடி இரிக்காய்?" என்று கேள். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள், கொஞ்ச நேரம் அழுவாள். ஃபோனை வைத்துவிடாதே.

உன் வாப்பா